நேற்றிரவின் காற்றும் இன்று காலையின் பறவைகளும்

வசந்தகால வலசையின் உச்ச நாட்களில் பறவை பார்க்கப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு குழப்பம் தவறாமல் நேரும். அதே தோப்பு, அதே பாதை, அதே நேரம். முதல் நாள் ஒவ்வொரு கிளையிலும் ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருந்தது. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியாமல் பைனாகுலர் அலைந்தது. மறுநாள் வானம் தெளிந்திருக்கிறது, காற்றும் இதமாக வீசுகிறது, ஆனால் ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் நாலைந்து இனங்களைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. "இன்று பறவைகள் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் திரும்புகிறார்கள். பெரும்பாலும் உண்மை இதற்கு நேர்மாறானது. பறவைகள் வந்தன, முந்தைய இரவில் அந்தத் தோப்புக்கு மேலாக ஆயிரக்கணக்கில் வந்தன, இறங்க வேண்டிய தேவை எதுவும் ஏற்படாததால் நிற்காமல் போய்விட்டன.

வட அரைக்கோளத்தில் ஏறக்குறைய மார்ச் முதல் மே இறுதி வரை நீளும் இந்த வடக்கு நோக்கிய பயணத்தில், ஒரு காலையில் கண்ணுக்குத் தெரிவது முந்தைய இரவு நடந்ததன் மிச்சமே. எத்தனை பறவைகள் அந்த வட்டாரத்தைக் கடந்தன என்பதை அது காட்டுவதில்லை. எத்தனை பறவைகளுக்கு அங்கே இறங்க நேர்ந்தது என்பதைத்தான் காட்டுகிறது. ஆகவே பறவை பார்ப்பவரின் நல்ல நாளும் பறவையின் நல்ல நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பல சமயங்களில் அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. இதைப் புரிந்துகொண்டால் எந்த நாளில் போவது, எந்த இடத்தில் நிற்பது, எவ்வளவு நெருங்குவது ஆகிய கேள்விகளுக்கெல்லாம் ஓரளவு விடை கிடைத்துவிடும்.

கதிர்க்குருவிகள், ஈப்பிடிப்பான்கள் போன்ற சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. பகலில் இரை தேடி, இருட்டியதும் கிளையில் ஒடுங்கும் பழக்கமுள்ள ஒரு பறவை ஆண்டில் சில வாரங்கள் மட்டும் இரவெல்லாம் பறப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கான காரணங்கள் எளியவை. இரவுக் காற்றில் கொந்தளிப்பு குறைவு, ஆகையால் உழைப்பு வீணாவதில்லை. அது குளிர்ந்தும் இருக்கிறது, ஆகையால் பறக்கும் தசைகள் எழுப்பும் வெப்பத்தைத் தணிக்க உடலின் நீரை அதிகம் இழக்க வேண்டியதில்லை. வல்லூறு முதலான வேட்டைப் பறவைகளின் தொல்லையும் இருட்டில் குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பகற்பொழுது முழுவதும் உண்பதற்கு மிஞ்சுகிறது. சூரியன் மறைந்து அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் இவை கிளம்பத் தொடங்குகின்றன. முன்னிரவிலேயே வானில் எண்ணிக்கை உச்சத்தை எட்டுகிறது. நள்ளிரவுக்குப் பின் படிப்படியாகக் குறைகிறது. விடியலை ஒட்டி எஞ்சியவையும் இறங்குகின்றன. விண்மீன்களும் புவியின் காந்தப்புலமும் திசை காட்டுகின்றன. இண்டிகோ பன்டிங் என்ற அமெரிக்கச் சிறுபறவையை 1960-களில் கோளரங்கத்துக்குள் வைத்து ஆராய்ந்த ஸ்டீபன் எம்லன், செயற்கை வானத்தின் வடக்கையும் தெற்கையும் இடம் மாற்றியபோது பறவைகள் செல்ல முயன்ற திசையும் அதற்கேற்ப மாறியதைக் கண்டார்.

இருட்டில் நடப்பதை அறிய மனிதர்களுக்கு வெகுகாலம் வழியில்லாமல் இருந்தது. 1822-இல் ஜெர்மனியில் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி குத்திய நிலையில் சுடப்பட்ட ஒரு செங்கால் நாரை, அப்பறவைகள் குளிர்காலத்தை எங்கே கழிக்கின்றன என்பதற்குக் கையில் பிடிக்கக்கூடிய சான்றாக அமைந்தது. பாடம் செய்யப்பட்ட அந்த நாரை இன்றும் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1899-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்டென்சன் ஸ்டார்லிங் பறவைகளின் காலில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டினார். பறவைக்கு வளையமிடும் முறை அங்கிருந்துதான் பரவியது. ஆனால் வளையம் புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் சொல்லுமே தவிர, இடைப்பட்ட இரவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த பறவையியலாளர் ஜார்ஜ் லோவரி 1940-களில் அதற்கு ஓர் எளிய உபாயத்தை முறைப்படுத்தினார்: தொலைநோக்கியை முழுநிலவின் மீது நிலைநிறுத்தி, நிலவின் முகத்தைக் குறுக்கே கடக்கும் பறவை நிழல்களை எண்ணுவது. அதே பத்தாண்டில், பிரிட்டனின் ரேடார் திரைகளில் விமானமும் அல்லாத மேகமும் அல்லாத புள்ளிகள் தோன்றி இயக்குநர்களைக் குழப்பிக்கொண்டிருந்தன. அவர்கள் அவற்றுக்குத் தேவதைகள் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் தேவதைகளுக்கு அலகும் சிறகும் உண்டு என்பதை டேவிட் லாக்கும் ஜார்ஜ் வார்லியும் 1945-இல் எடுத்துக்காட்டினர்.

இன்று மழையைக் கண்காணிக்க நிறுவப்பட்ட வானிலை ரேடார்களே பறவைகளையும் கணக்கெடுக்கின்றன. அமெரிக்காவின் 143 ரேடார் நிலையங்கள் 23 வசந்தங்களில் பதிவுசெய்த தரவைக் கொண்டு, அடுத்தடுத்த இரவுகளில் எத்தனை பறவைகள் வானில் இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் முறையை 2018-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இரவுக்கு இரவு காணும் ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அக்கணிப்பால் விளக்க முடிந்தது. அதில் மிகுந்த எடை கொண்ட காரணி வெப்பநிலை. பறவைகளின் போக்கு மர்மமானது என்ற பழைய எண்ணத்துக்கு இது பெரிய அடி. மழையை முன்னறிவிப்பது போலவே வலசையையும் முன்னறிவிக்கலாம், ஏனெனில் இரண்டையும் பெருமளவில் தீர்மானிப்பது ஒரே காற்று.

தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் திசைக்கொரு பெயரிட்டு வழங்கும் மொழியில் இதை விளக்குவது எளிது. வசந்தத்தில் வடக்கே போகும் பறவைக்குத் தென்றல் பின்காற்று, வாடை எதிர்காற்று. ஒரு சிறு பறவையின் சொந்த வேகம் மணிக்கு 30 முதல் 50 கிலோமீட்டர்தான். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் தென்றல் பின்னாலிருந்து தள்ளினால் அதன் பயணம் பாதிக்கு மேல் விரைவாகிறது. அதே வேகத்தில் வாடை எதிர்த்தால், இரவெல்லாம் சிறகடித்தும் சில இனங்கள் புறப்பட்ட இடத்தை விட்டு அதிக தூரம் போயிருக்க முடியாது. உடலில் சேர்த்த கொழுப்பு இரண்டு இரவுகளிலும் ஒரே அளவில்தான் எரியும். அதனால்தான் சாதகமற்ற இரவுகளில் அவை கிளம்பாமல் காத்திருக்கின்றன. வெதுவெதுப்பான தென்றல் தொடங்கிய முதல் இரவில், காத்திருந்த கூட்டமெல்லாம் ஒருசேரக் கிளம்புகிறது. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. இந்தியாவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் இமயத்தைத் தாண்டும் பட்டைத்தலை வாத்துகள், பகலில் மலைச்சரிவில் மேல்நோக்கி வீசும் காற்றின் உதவியைப் பெரும்பாலும் எதிர்பார்ப்பதில்லை. காற்று அடங்கிய இரவிலும் அதிகாலையிலும், சொந்தச் சிறகடிப்பின் வலுவில், ஏழெட்டு மணி நேரத்தில் ஏறிக் கடந்துவிடுகின்றன என்று அவற்றின் முதுகில் பொருத்திய கருவிகள் காட்டின. அடர்ந்த குளிர்காற்று சிறகுக்குத் தரும் பிடிப்பும் அமைதியும் பின்காற்றைவிட அங்கே மேலானவை போலும்.

ஆக, காலைநேரத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. முதற்பாதி, முந்தைய மாலை தெற்கே எங்கோ ஓரிடத்தில் பறவைகள் கிளம்பும்படியான வானிலை நிலவியதா என்பது. இரண்டாம் பாதி, அவை நாம் நிற்கும் இடத்துக்கு மேலே வரும்போது இறங்கும்படியான ஏதாவது நடந்ததா என்பது. குளிர்ந்த காற்றுத்திரள் ஒன்று வெதுவெதுப்பான காற்றுத்திரளைத் தள்ளிக்கொண்டு முன்னேறும் எல்லைக்கோட்டைக் குளிர்முகப்பு என்று வானிலையாளர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் தென்றல் வீசும். அதன் மேல் மழை பெய்யும். அது கடந்த பிறகு வாடை வீசும். தென்றலோடு கிளம்பிய பறவைகள் நள்ளிரவுக்குப் பின் இந்தக் கோட்டில் வந்து மோதும்போது, மழையும் எதிர்காற்றும் சேர்ந்து அவற்றைத் தரையிறக்குகின்றன. அந்தக் கோடு எந்த ஊர்களின் மேல் நிற்கிறதோ அங்கே மறுநாள் காலை மரங்கள் நிறைந்திருக்கும். இரண்டில் ஒரு பாதி மட்டும் அமைந்தால் போதாது. இரவெல்லாம் தென்றலும் தெளிந்த வானமுமாக இருந்தால் எல்லாம் கடந்துபோய்விடும். பல நாட்கள் தொடர்ந்து வாடை வீசினால் புதிதாக எதுவும் வராது, முன்பே வந்தவை அங்கேயே தங்கியிருக்கும். அத்தகைய நாட்களில் திரும்பத் திரும்பப் போகிறவர்கள் அதே பறவைகளையே பார்க்கிறார்கள், ஆனால் பட்டியல் நீளமாக இருப்பதால் வலசை வேகமாக நடக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது நின்றுபோயிருக்கிறது.

இந்தத் தத்துவம் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் மெக்சிகோ வளைகுடாவின் வடகரை. யுகடான் தீபகற்பத்திலிருந்து மாலையில் கிளம்பும் பறவைகள் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் திறந்த கடலை ஒரே மூச்சில் தாண்டி, மறுநாள் முற்பகலிலிருந்து பிற்பகல் வரை அமெரிக்கக் கரையை அடைகின்றன. 3 கிராம் எடையுள்ள செந்தொண்டை ஹம்மிங்பேர்ட் கூட, புறப்படுமுன் கொழுப்பைச் சேர்த்துத் தன் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக்கொண்டு இந்தக் கடலைக் கடக்கிறது. சிறு பறவைகள் இவ்வளவு பெரிய கடலைத் தாண்டுமா, கரையோரமாகச் சுற்றித்தான் வருமா என்பது 1940-களில் கடும் விவாதமாக இருந்தது. சுற்றித்தான் வருகின்றன என்று வாதிட்டவர்கள் காட்டிய சான்று நியாயமானதாகவே தோன்றியது: கடலைத் தாண்டி வருவதாக இருந்தால் களைத்த பறவைகளால் கரையோரத் தோப்புகள் நாள்தோறும் நிரம்பி வழிய வேண்டுமே, நல்ல வானிலையில் அங்கே ஒன்றும் இருப்பதில்லையே என்றார்கள். லோவரியின் விடை இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட புதிருக்கும் விடையாகும். நல்ல வானிலையில் பறவைகள் கரையைக் கண்டதும் இறங்குவதில்லை. கடலோரச் சதுப்பையும் புல்வெளியையும் தாண்டி, உள்நாட்டில் பெருங்காடுகள் தொடங்கும் வரை பறந்துவிடுகின்றன. கரை காலியாக இருப்பது அவை வராததால் அல்ல, நலமாக வந்து சேர்ந்ததால். பின்னர் 1960-களில் அவரது மாணவர் சிட்னி கோத்ரோ வானிலை ரேடாரில் வளைகுடாவைக் கடந்து வரும் அந்த அலைகளையே நேரடியாகக் காட்டினார்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கடலின் நடுவிலோ கரைக்கு அருகிலோ இடிமழையும் வாடையும் எதிர்ப்பட்டால், பதினெட்டு, இருபது மணி நேரம் பறந்து எரிபொருள் தீரும் நிலையில் இருக்கும் பறவைகள் கண்ணில் பட்ட முதல் நிலத்திலேயே விழுகின்றன. டெக்சாஸ் கரையில் ஹை ஐலண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுற்றியுள்ள சதுப்புநிலத்துக்கு மேலே சுமார் 10 மீட்டர் உயர்ந்து நிற்கும் உப்புக்குவிமாடத்தின் (நிலத்தடி உப்பு மேலெழும்பியதால் உண்டான மேட்டின்) மேல் அமைந்த அதன் ஓக் மரத்தோப்புகள், கடலிலிருந்து வரும் பறவைக்கு முதலில் தெரியும் மரங்கள். அத்தகைய பிற்பகல்களில் அங்கே வேலிக் கம்பியிலும் புல்தரையிலும் மனிதர்களின் காலடியிலும் கூடச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பறவைகள் இறைந்து கிடக்கும். பறவையாளர்கள் இதை ஃபால்அவுட் என்கிறார்கள். வாழ்நாளில் ஒருமுறையாவது காண வேண்டும் என்று ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்தில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. அந்தத் தோப்பை அடைந்தவை மட்டுமே கணக்கில் வருகின்றன; அதே புயலில் கடலில் விழுந்தவற்றை யாரும் எண்ணுவதில்லை. காட்சி அற்புதமானதுதான், ஆனால் அது ஒரு விபத்தின் கரை ஒதுங்கிய பாதி.

விபத்தே இல்லாமலும் சில இடங்கள் பறவைகளைக் குவிக்கின்றன. விடியும் நேரத்தில் ஒரு பறவை ஏரியின் மேல் பறந்துகொண்டிருந்தால் அது மிக அருகில் தெரியும் நிலமுனையை நோக்கித்தான் திரும்பும். கனடாவின் பெருநிலப்பரப்பில் தென்கோடியாக ஈரி ஏரிக்குள் நீண்டிருக்கும் பாயிண்ட் பீலி முனை புகழ்பெற்றது இதனால்தான். அதே ஏரியின் தென்கரையில் ஒஹாயோவின் மேகீ மார்ஷ் புகழ்பெற்றது எதிர்க் காரணத்தால்: அங்கே பறவைகள் ஏரியைக் கடக்குமுன் தயங்கி நின்று உண்கின்றன, மரப்பலகை நடைபாதையில் நிற்பவர்களின் கண்மட்டத்திலேயே இரை தேடுகின்றன. வட கடலில் தனித்து நிற்கும் ஹெல்கோலாண்ட் தீவில் ஹைன்ரிஷ் கேட்கே என்ற ஓவியர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து வலசையைக் குறித்துவைத்தார். 1910 முதல் அங்கே பறவை ஆய்வுநிலையம் இயங்குகிறது. பெருநகரத்தின் நடுவிலுள்ள பூங்காவும் ஒரு தீவுதான். கட்டடங்களுக்கு இடையில் விடிந்துவிட்ட பறவைக்கு வேறு பசுமை தெரிவதில்லை என்பதால்தான் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் மே மாதத்தில் பெருங்காடுகளைவிட அடர்த்தியாகப் பறவைகளைக் காட்டுகிறது. காட்டின் வளத்துக்கும் அங்கே பறவைகள் தென்படும் எண்ணிக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதைப் புதியவர்கள் நம்ப மறுப்பார்கள். சுற்றிலும் வேறிடம் இல்லாத ஒரு சிறு புதர், எல்லைகாணாத பெருங்காட்டைவிட ஒரு காலைநேரத்துக்கு ஏற்றது.

பகலில் பயணிக்கும் பறவைகளுக்குக் கணக்கு வேறு. கழுகு, பருந்து, நாரை முதலான அகன்ற சிறகு கொண்டவை, வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றுத்தூண்களில் வட்டமிட்டு ஏறி, அங்கிருந்து சறுக்கி, அடுத்த தூணைப் பிடித்துப் போகின்றன. கடலின் மேல் அத்தகைய தூண்கள் எழுவது அரிது. ஆகையால் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அகலமே உள்ள ஜிப்ரால்டர் நீரிணை, செங்கடலின் வடமுனையிலுள்ள எய்லாட் போன்ற இடுக்குகளில் அவை திரள்கின்றன. இவற்றைப் பார்க்க விடியலில் எழ வேண்டியதில்லை. நிலம் சூடேறும் முற்பகலே போதும்.

மீண்டும் தோப்புக்கு வருவோம். இறங்கிய பறவை என்ன செய்கிறது? தின்கிறது. வலசை என்றதும் நம் மனத்தில் சிறகுகள் தோன்றுகின்றன; ஆனால் ஒரு சிறு பறவை தன் பயணத்தில் பறந்து செலவிடும் நேரத்தைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு நேரத்தை இடையில் தங்கிக் கொழுப்பைச் சேர்ப்பதில் செலவிடுகிறது என்று ஹெடன்ஸ்ட்ரோமும் ஆலெர்ஸ்டாமும் 1997-இல் கணக்கிட்டனர். வலசையின் பெரும்பகுதி நிலத்தில்தான் நடக்கிறது. டெலாவேர் விரிகுடாவில் மே மாதம் வந்திறங்கும் ரெட் நாட் என்ற கரைப்பறவையைப் பார்த்தால் இது விளங்கும். தென் அமெரிக்காவிலிருந்து வரும் அப்பறவை சுமார் 120 கிராம் எடையில் இறங்கி, அங்கே கரையேறி முட்டையிடும் குதிரைலாட நண்டுகளின் முட்டைகளைத் தின்று, இரண்டே வாரங்களில் 180 கிராமைத் தாண்டிக் கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குக் கிளம்புகிறது. 1990-களில் அந்த நண்டுகளை மீன்பிடி இரைக்காக அளவின்றிப் பிடித்தார்கள். பறவையை யாரும் தொடவில்லை. ஆனாலும் அதன் எண்ணிக்கை சரிந்தது. 2014-இல் அமெரிக்க அரசு அதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. பட்டைவால் மூக்கன் இன்னொரு சான்று. இலையுதிர்காலத்தில் அலாஸ்காவிலிருந்து பசிபிக்கை ஒரே மூச்சில் தாண்டித் தெற்கே வரும் அப்பறவை, வசந்தத்தில் அந்த வழியே திரும்புவதில்லை. மஞ்சள் கடலின் சேற்றுக்கரைகளில் இறங்கி உண்டுவிட்டுத்தான் அலாஸ்காவுக்குப் போகிறது. அந்தச் சேறு இல்லையென்றால் வசந்தப் பயணமும் இல்லை.

எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியை இந்தக் கணக்கோடுதான் அணுக வேண்டும். பறவை நோக்கும் ஒழுக்கம் என்று வழங்கும் விதிகளில் பலவற்றை வெறும் மரியாதை என்று நினைக்கிறார்கள். அவை கிராம் கணக்கு. புதரிலிருந்து புதருக்கு நாம் விரட்டிக்கொண்டே போகும் பறவை அந்த நேரத்தில் புழுவைப் பிடிக்கவில்லை, நேற்று பிடித்ததையும் எரிக்கிறது. கைபேசியில் அதன் இனத்தின் பாட்டை ஒலிக்கவிட்டு வரவழைப்பது இன்னும் மோசம்; போட்டியாளன் வந்துவிட்டான் என்று நம்பி அது இரையை விட்டுவிட்டுத் தேட வருகிறது. புகைப்படம் நன்றாகவே அமையும். வலசைக் காலத்தில் இதைச் செய்வதற்கு எந்தச் சாக்கும் செல்லாது என்பது என் கருத்து. அதைவிட நல்ல வழி, இரை இருக்கும் இடத்தில் முன்கூட்டியே போய் அசையாமல் நிற்பது. குளிர்ந்த காலையில் வெயில் முதலில் படும் மரவிளிம்பில்தான் பூச்சிகள் முதலில் அசையும்; காற்றடிக்கும் நாளில் காற்றுமறைவான பக்கத்தில் அவை சேரும்; தேங்கிய நீரோரம் எப்போதும் ஏதாவது இருக்கும். அங்கே அரை மணி நேரம் நின்றால் பறவைகள் நம்மை மரமாகவே எடுத்துக்கொண்டு நெருங்கிவரும்.

கருவியைப் பற்றி ஒரு சொல் போதும். 8×42 என்று குறித்த பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் அகலமுள்ள முன்வில்லையால் ஒளியை வாங்கும். விடியலின் மங்கிய ஒளிக்கும் நிற்காமல் தாவும் சிறு பறவைக்கும் அதைவிட அதிகப் பெருக்கம் பயன்படாது, கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். உச்சிக்கிளைகளையே பார்த்து வரும் கழுத்துவலிக்கு அமெரிக்கர்கள் வார்ப்ளர் நெக் என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். வசந்தத்தில் காதுதான் முதற்கருவி. இலையுதிர்காலத்தில் ஓசையின்றி, மங்கிய இறகுகளோடு கடந்துபோகும் அதே இனங்கள், இப்போது புத்திறகு பூண்டு, போகும் வழியிலேயே பாடவும் செய்கின்றன. மே மாதத்துக்கு முன்பு வடக்கே மரங்கள் முழுதாக இலைவிடுவதும் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஆண்டின் மிகக் கருணையான பருவம் இதுதான்.

பாட்டுக்குக் காரணம் அவசரம். முன்னால் போய் நல்ல இடத்தைப் பிடித்த ஆணுக்கே இணை கிடைக்கும் என்பதால் பல இனங்களில் ஆண்கள் பெண்களுக்குச் சில நாட்கள் முந்தி வருகின்றன. பருவத்தின் தொடக்கத்திலேயே பார்க்கப் போகிறவர்களின் குறிப்பேட்டில் பெண்பறவைகள் அரிதாக இருப்பது அதனால்தான். வசந்தப் பயணம் பொதுவாக இலையுதிர்காலப் பயணத்தைவிட விரைவானது. அந்த அவசரத்தைத் தொடங்கிவைக்கும் கடிகாரம் பகலின் நீளம். கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் 1920-களில் ஜங்கோ என்ற சிறுபறவைகளைக் கடுங்குளிரில் திறந்தவெளிக் கூண்டில் வைத்து, மின்விளக்கால் பகலை மட்டும் நீட்டினார். நடுக்குளிர்காலத்திலேயே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தத்தில் போலப் பெருத்தன. வெப்பம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், பகலின் நீளம் மாறாது. நம்பத்தக்க கடிகாரம் என்பதால் பறவைகள் அதைப் பற்றிக்கொண்டன. இப்போது அதுவே இடைஞ்சலாகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஈப்பிடிப்பான் இனமொன்றுக்கு, நெதர்லாந்தில் வசந்தம் முன்கூட்டியே வந்துவிட்டது என்பது தெரிய வழியில்லை. அது வழக்கமான நாளில் கிளம்பி வந்து சேரும்போது, குஞ்சுகளுக்கு ஊட்ட வேண்டிய கம்பளிப்பூச்சிகளின் உச்சம் கடந்துவிடுகிறது. உணவு மிக முந்திவரும் காடுகளில் அவ்வினம் இருபதாண்டுகளில் சுமார் 90 சதவீதம் குறைந்ததை 2006-இல் கிறிஸ்டியான் போத் குழுவினர் காட்டினர். முதல் பறவையைக் கண்ட தேதியைக் குறித்துவைப்பது பொழுதுபோக்குக்காரர்களின் சிறுபிள்ளைத்தனம் போலத் தோன்றலாம். இந்தச் சரிவைப் புரிந்துகொள்ளப் பயன்படுபவை அத்தகைய தேதிகளே.

இறங்கவைக்கும் காரணங்களில் ஒன்றை மனிதர்களே உருவாக்கியிருக்கிறோம். மேகம் தாழ்ந்த இரவுகளில் நகர விளக்குகள் பறவைகளை இழுக்கின்றன. விடிந்ததும் கண்ணாடிச் சுவர்களில் தெரியும் மரமும் வானமும் அவற்றை ஏமாற்றுகின்றன. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஆண்டுக்கு ஓர் இரவு மட்டும் ஏற்றப்படும் ஒளித்தூண்களை ஆராய்ந்தவர்கள், ஏழு இரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகளின் போக்கை அவை பாதித்ததாகக் கணித்தார்கள். விளக்கை அணைத்த சில நிமிடங்களில் சுற்றிக்கொண்டிருந்தவை கலைந்து தம் வழியே போனதையும் பதிவுசெய்தார்கள். அது இலையுதிர்கால ஆய்வு; ஆனால் வசந்தத்தின் இரவும் அதே கண்களைக் கொண்டதுதான். அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுதோறும் 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் இறப்பதாக 2014-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. நகரப் பூங்காவுக்குப் பறவை பார்க்கப் போகிறவர் வழியில் கண்ணாடிக் கட்டடத்தின் அடியையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது. அந்தக் காலையின் இன்னொரு பட்டியல் அங்கே கிடக்கும்.

குறிப்பேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் 2002-இல் தொடங்கிய, பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் இன்று உலகெங்குமிருந்து பட்டியல்கள் குவிகின்றன. ஆனால் மனித இயல்பு நிறைந்த நாளையே பதிய விரும்புகிறது. காலியான நாளைப் பதிவதில் பெருமை எதுவும் இல்லை. முதலில் சொன்ன அந்த வெற்றுக் காலையில் இரண்டு மணி நேரம் நடந்து ஐந்து இனங்களை மட்டும் கண்டதை, நேரமும் தொலைவும் சேர்த்து எழுதினால், முந்தைய இரவின் ரேடார் படத்தோடு வைத்துப் படிக்க அது மிகவும் பயனுள்ள குறிப்பு. வானத்தில் நிறைய, தரையில் ஒன்றுமில்லை என்ற இரண்டும் சேர்ந்தால்தான் பறவைகள் நலமாகக் கடந்தன என்ற செய்தி கிடைக்கிறது. வானிலும் இல்லை, தரையிலும் இல்லை என்றால் அது வேறு செய்தி. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 1970-க்குப் பின் ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் கென்னத் ரோசன்பர்க் குழுவினர் அறிவித்தபோது, நிலத்தில் எண்ணியவர்களின் நெடுங்காலக் குறிப்புகள் அதற்கு அடிப்படையாக இருந்தன; 2007 முதல் 2017 வரையான வசந்த இரவுகளில் ரேடார் கண்ட வலசைத் திரளும் ஏறத்தாழ 14 சதவீதம் சுருங்கியிருந்தது.

ஆகவே, புறப்படும் நாளின் வானிலையைவிட அதற்கு முந்தைய மாலையின் காற்றைப் பார்த்து வைப்பதுதான் பயன் தரும். அதுவும் நம் ஊர்க் காற்றை மட்டுமல்ல, ஓர் இரவுப் பயணத் தொலைவில் தெற்கே என்ன வீசுகிறது என்பதையும். மழை நின்ற காலை அமைந்தால் விடியலுக்கு முன்பே போய்விட வேண்டும். தெளிந்த தென்றல் இரவாக இருந்தால் காலைத் தூக்கத்தை விட வேண்டியதில்லை; மாலையில் போகலாம். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, விளக்கில்லாத திறந்த இடத்தில், பைனாகுலரைப் பைக்குள் வைத்துவிட்டு நிற்க வேண்டும். பகலில் புதருக்குள் தேடிய பறவைகள் அப்போது தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், நொடிக்கும் குறைவாக நீளும் சிறு குரல்களால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும். ஒரு நிமிடத்தில் எத்தனை குரல்கள் என்று எண்ணலாம். நாளைக் காலை இந்தத் தோப்பு காலியாக இருக்கும்.